ரதத்துக்கு எட்டு போல்ட்



தைப்பூசத்துக்கு முன்னாடி நம்ம ரதம் மூணு வாரம் தார்ப்பாய் போட்டுக் கொட்டகையிலேயே கிடந்ததைப் பார்த்துப் பலர் கேட்டீங்க. "புது ரதம் வாங்கப் போறீங்களா?" என்றும், "ஏதாவது உடைஞ்சு போச்சா?" என்றும் ஆளுக்கொரு கேள்வி. சிலர் உபயம் தரவும் முன்வந்தீங்க, மிக்க நன்றி. அப்போ வேலை அவசரத்தில் யாருக்கும் சரியா பதில் சொல்ல முடியலை. இப்போ ரதப் பராமரிப்புத் தொண்டர்கள் சார்பா எழுதுறோம். கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையா படிங்க.

நம்ம ரதத்தில் மேல் பாதி மரம், கீழ்ப் பாதி இரும்பு. மேலே தேக்குப் பீடம், அதன் மேல மண்டபம், அதில் சுவாமி. கீழே ஒரு பழைய இங்கிலீஷ் லோரியின் அடிச்சட்டம். இந்த ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சிருப்பது எட்டே எட்டு போல்ட். மரத்தின் வழியா இறங்கி, சட்டத்தில் பற்றவைத்த தடித்த இரும்புக் கட்டைக்குள் இருக்கிற மரையில் போய்ப் பிடிக்கும். அடியில் நட்டு கிடையாது. பூ அலங்காரமும் விளக்கும் வந்துட்டா இந்தப் போல்ட் யார் கண்ணுக்கும் தெரியாது.

வருசா வருசம் எண்ணெய் போடும்போது எட்டையும் ஸ்பேனர் வச்சு தொட்டுப் பார்ப்போம். இந்த வருசம் ஒரு போல்ட்டின் தலை மட்டும் கையோட வந்துடுச்சு. உள்ளே ஏற்கனவே முறிஞ்சிருக்கு. இன்னும் ரெண்டு சுத்துது, ஆனா இறுகலை. எட்டையும் கழட்டினோம். அஞ்சுதான் ரதம் செஞ்சவங்க போட்ட அசல். மீதி மூணும் எந்தக் காலத்திலோ எந்தப் பட்டறையிலோ கிடைச்சதைத் திணிச்சது.

போல்ட்டுக்கு வேலை ரெண்டையும் இறுக்கிப் பிடிப்பது. அந்த இறுக்கம் இருக்கிற வரைக்கும் மரமும் இரும்பும் ஒரே உடம்பா நகரும். இறுக்கம் போயிட்டா, ரதம் திரும்புற ஒவ்வொரு தடவையும், மேட்டில் நிறுத்துற ஒவ்வொரு தடவையும், போல்ட் கொஞ்சம் கொஞ்சமா வளையும். கம்பியை முன்னும் பின்னும் வளைச்சு ஒடிக்கிற மாதிரி ஒரு நாள் முறியும். ஒண்ணு முறிஞ்சா அதன் பாரம் பக்கத்துப் போல்ட்டுக்குப் போகும். ரதத்தை ஒட்டித்தான் நம்ம பிள்ளைங்க நடக்குதுங்க. அதனாலதான் "இந்த வருசம் ஓட்டிடலாம், அடுத்த வருசம் பார்த்துக்கலாம்" என்ற பேச்சுக்கு நாங்க ஒத்துக்கலை.

சரி, போல்ட்தானே, கடையில் வாங்கிப் போட வேண்டியதுதானே என்று கேட்பீங்க. அங்கேதான் சிக்கல். எங்களில் பாதிப் பேர் ஃபேக்டரியில் இருபது முப்பது வருசம் இயந்திரத்தோட கிடந்தவங்க. 24 ஸ்பேனர் லூசா ஆடுது, 23 ஏறவே இல்லை. அப்பவே தெரிஞ்சது, இது மில்லிமீட்டர் சரக்கு இல்லை.

அசல் போல்ட் ஒண்ணில் வெள்ளைத்தாளைச் சுத்தி பென்சிலால் தேய்ச்சோம். மரை கோடு கோடா தாளில் விழுந்துச்சு. ஒரு அங்குலத்துக்கு எண்ணினா 12. இது விட்வொர்த் மரை. 1841-இல் ஜோசப் விட்வொர்த் என்ற இங்கிலாந்துப் பொறியாளர் வகுத்துக் கொடுத்த அளவு. பல்லின் கோணம் 55 டிகிரி, முனை வளைஞ்சிருக்கும். உங்க வீட்டுத் தண்ணிக் குழாய் மரை இன்னைக்கும் அதே 55 டிகிரி வடிவம்தான்.

இப்போ இரும்புக்கடையில் அரை அங்குல போல்ட் கேட்டா பெரும்பாலும் அமெரிக்க அளவுதான் தருவாங்க. அதில் அங்குலத்துக்கு 13 மரை, கோணம் 60 டிகிரி. பார்வைக்கு ரெண்டும் ஒண்ணுதான். கையால் திருப்பினா ரெண்டு மூணு சுத்து நல்லா உள்ளே போகும். ஆனா ஒவ்வொரு மரைக்கும் 0.16 மில்லி வித்தியாசம். ஆறு மரை போறதுக்குள்ளே ஏறக்குறைய ஒரு மில்லி தள்ளிப் போயிடும். அதுக்கு மேலே நீள ஸ்பேனர் போட்டு இழுத்தா போல்ட் உள்ளே போகத்தான் செய்யும், ஆனா சட்டத்து மரையை அறுத்துக்கிட்டுப் போகும். திணிச்ச மூணில் ஒண்ணு அப்படிப்பட்டது. இன்னொண்ணு 12 மில்லி மெட்ரிக் போல்ட். ஓட்டை 12.7 மில்லி, பேருக்கு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

நிர்வாகக் கூட்டத்தில் மூணு யோசனை வந்துச்சு. ஒண்ணு, பற்றவைச்சு விடுறது. தேக்கை ஒட்டி அவ்வளவு சூடு ஆகாது, அப்புறம் பீடத்தை யாராலும் கழட்டவும் முடியாது. ரெண்டு, எட்டு ஓட்டையையும் பெரிசாக்கிப் புது மெட்ரிக் மரை போடுறது. இது தப்பான யோசனை இல்லை. மரை செத்துப் போயிருந்தா அதுதான் வழி. ஆனா ஏழு மரை இன்னும் நல்லா இருக்கு, நல்ல மரையை எதுக்கு அழிக்கணும்? மூணாவது, போல்ட்டைப் புதுசா கடைஞ்சு எடுக்கிறது.

அந்த நேரத்தில் எங்களுக்கு உதவினது எண்பது வயசைத் தாண்டிய ஒரு ஐயா. இளமையில் பட்டாளத்தில் துப்பாக்கி பழுதுபார்க்கிற பிரிவில் இருந்தவர். அந்தக் காலத்து லீ என்ஃபீல்ட் துப்பாக்கி அவருக்கு அத்துப்படி. அவர் சொன்னார்: "தம்பிங்களா, துப்பாக்கியும் இதே மாதிரிதான். மேலே இரும்பு, கீழே மரக்கட்டை, நடுவுல திருகு. திருகு தொலைஞ்சா கிடைச்சதை முறுக்கக் கூடாது. திருகு காசுக்குக் கிடைக்கும், மரை இருக்கிறது துப்பாக்கி உடம்பில. அது போனா துப்பாக்கியே போச்சு."

எல்லா நாட்டுப் பழைய துப்பாக்கியிலும் இதே தொல்லைதானாம். ஜெர்மன் மௌசர் 98-இன் திருகு கால் அங்குலம், அங்குலத்துக்கு 22 மரை. கடையில் கிடைக்கிற கால் அங்குல போல்ட் 20 அல்லது 28. கிட்டத்தட்ட சேரும், ஆனா சேராது.

இன்னொரு விசயமும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். லீ என்ஃபீல்டின் முன் திருகு மரத்துக்குள்ளே போற இடத்தில் ஒரு சின்ன இரும்பு வளையம் இருக்குமாம். திருகை இறுக்கும்போது அந்த வளையம்தான் தாங்கும், மரம் நசுங்காது. "உங்க ரதத்தில் அது இருக்கா?" என்று கேட்டார். இல்லை. அதனாலதான் இத்தனை வருசமா இறுக்க இறுக்க தேக்கு நசுங்கி, போல்ட் திரும்பத் திரும்ப லூசாச்சு.

அப்புறம் வேலை ஆரம்பிச்சது. எங்க ஊர்க் கடைசல் பட்டறைத் தவுக்கேகிட்ட அங்குல அளவு பழைய லேத் ஒண்ணு இருக்கு. அதில் 12 மரை வெட்டுறது கியரை மாத்தினா முடிஞ்சது. எஸ்45சி என்ற நடுத்தரக் கார்பன் எஃகில் அஞ்சு அங்குல நீளத்துக்கு எட்டு போல்ட் கடைஞ்சோம். அசல் அஞ்சையும் திரும்பப் போடலை. வருசக்கணக்கா வளைஞ்சது, வெளியே நல்லா இருந்தாலும் உள்ளே விரிசல் இருக்கலாம். மரத்துக்குள் நிற்கிற பகுதியில் மரை வெட்டாம வழவழன்னு விட்டோம். சட்டத்துக்குள் போற நுனியில் மட்டும்தான் மரை. 55 டிகிரிக்குத் தீட்டின உளியால் வெட்டி, கடைசியில் டை விட்டுச் சுத்தம் பண்ணினோம். ஒவ்வொண்ணையும் கையால் மட்டும் திருப்பிப் பார்த்தோம். கடைசி மரை வரைக்கும் விரலாலேயே போகணும். போகலைன்னா அந்தப் போல்ட் திரும்ப லேத்துக்கு. ரெண்டு அப்படித் திரும்பிப் போச்சு.

அறுந்து போன அந்த ஒரு ஓட்டையை மட்டும் பெரிசாக்கி, உள்ளே அரை அங்குல மரை வெட்டின எஃகுப் புஷ் வச்சோம். எட்டு ஓட்டைக்கும் மரத்துக்குள்ளே இரும்புக் குழாய். மரம் 90 மில்லி, குழாய் அதைவிட அரை மில்லி குட்டை. மரம் லேசா அழுந்தும், அப்புறம் குழாய் தாங்கிக்கும். பல வருசம் காய்ஞ்சு அடங்கின தேக்கு, இனிமே பெரிசா சுருங்காது.

தவுக்கே கூலியில் பாதிதான் வாங்கினார். "சாமி வண்டி" என்றார், அவ்வளவுதான்.

தைப்பூசம் முடிஞ்சு மறுநாள் காலையில் எட்டையும் பார்த்தோம். ஒண்ணும் அசையலை.

இனி உங்களுக்கு மூணு வேண்டுகோள்.

ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் சட்டம் வரைக்கும் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கோம். கோடு நேரா இருந்தா போல்ட் திரும்பலை. உடைஞ்சு விலகி இருந்தா உடனே எங்ககிட்ட சொல்லுங்க. இதுக்குத் தொழில் தெரியணும் என்று இல்லை, கண் இருந்தா போதும்.

ரெண்டாவது, ரதத்தில் எது கழன்றாலும் ஆசையில் நீங்களா போல்ட் வாங்கி முறுக்காதீங்க. மிச்சமா ரெண்டு போல்ட் கடைஞ்சு எண்ணெய் தடவி அலுவலக அலமாரியில் வச்சிருக்கோம். கூடவே அளவு எழுதின தாளும் இருக்கு. எங்களுக்குப் பிறகு வர்றவங்க திரும்ப பென்சிலும் தாளுமா ஆரம்பிக்க வேண்டியதில்லை.

மூணாவது, உங்க அப்பா, தாத்தா தோட்டத்துப் பட்டறையிலோ ரயில்வேயிலோ வேலை பார்த்தவங்களா இருந்தா, அவங்க கருவிப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடாதீங்க. அரை அங்குல விட்வொர்த் டேப்புக்காக நாங்க நாலு ஊர் அலைஞ்சோம். கடைசியில் ஒரு அம்மா தன் வீட்டுக்காரரோட பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாங்க. துணியில் சுத்தி வச்சது, துருவே இல்லை. அது இப்போ கோயில் பெட்டியில் பத்திரமா இருக்கு.

முருகன் துணை.