ஆதியந்தம் பார்த்து எழுது

ஜாதகம் எழுதப் பழக வருகிறவர்கள் வந்த அன்றே கட்டம் போட ஆசைப்படுவார்கள். நான் விடுவதில்லை. பஞ்சாங்கத்தைக் கையில் கொடுத்து, நேற்றைய நட்சத்திரம் எத்தனை நாழிகைக்கு முடிந்தது, இன்றையது எத்தனைக்கு முடிகிறது, நடுவில் எவ்வளவு என்று கேட்பேன். ஆதியந்த பரம நாழிகை என்பது இதுதான். இது கைக்கு வராமல் மற்றது எதுவும் வராது.

27 நட்சத்திரத்துக்கும் அளவு ஒன்றுதான்: 13 பாகை 20 கலை. சந்திரன்தான் ஒரே நடையில் போகிறவன் இல்லை. பூமிக்குக் கிட்டே இருக்கும்போது 21 மணி நேரத்தில் ஒரு நட்சத்திரத்தைத் தாண்டிவிடுவான், எட்டப் போனால் 27 மணிகூட ஆகும். இது தெரியாமல் எல்லாவற்றுக்கும் 60 நாழிகை என்று போடுகிற பிள்ளைகள் உண்டு. பரணியில் ஒரு குழந்தை பிறந்திருக்கிறது. பரம நாழிகை 64, செல், அதாவது பிறக்கும்வரை கடந்தது 40, இருப்பு, அதாவது மீதம் 24. பரணிக்குச் சுக்கிர தசை, 20 வருடம். 24-ஐ 20-ஆல் பெருக்கி 64-ஆல் வகுத்தால் இருப்பு 7 வருடம் 6 மாதம். 60 என்று வைத்துக்கொண்டவன் 6 வருடம் 8 மாதம் எழுதிவிடுவான். பத்து மாதம் போச்சு. அந்தக் குழந்தைக்கு அப்புறம் வருகிற தசை அத்தனையும் பத்து மாதம் முன்னே நகர்ந்திருக்கும்.

என் குருநாதர் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கட்டை விரல் மட்டும் அசையும். ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றிலும் மும்மூன்று கணு, ஆக ஒன்பது. மூன்று சுற்று வந்தால் 27. முதல் கணுவில் அஸ்வினி, மகம், மூலம் மூன்றும் வந்து விழும். மூன்றுக்கும் கேது தசைதான். இரண்டாம் கணுவில் பரணி, பூரம், பூராடம், சுக்கிரன். தசாநாதனைத் தனியாக மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை, கணு சொல்லிவிடும். ஜென்ம நட்சத்திரத்திலிருந்து எண்ணித் தாரை பார்க்கவும் அதே விரல்தான். ஜென்ம நட்சத்திரத்தையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதைத்தான் புதியவர்கள் மறப்பார்கள். சம்பத்து வரவேண்டிய இடத்தில் ஜென்மம் வந்து நிற்கும்.

பழைய ஜாதகம் கைக்கு வந்தால் கட்டத்தைப் பார்க்கும் முன் மாதம், திதி, நட்சத்திரம் மூன்றையும் ஒட்டிப் பாருங்கள். அமாவாசையில் சந்திரன் சூரியனோடு இருப்பான். சித்திரை மாத அமாவாசை என்றால் அஸ்வினி, பரணி, கார்த்திகை முதல் பாதம், இதற்குள்தான் வரவேண்டும். அங்கிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு நட்சத்திரம், ஒரு திதி. சித்திரை மாதம், வளர்பிறை பஞ்சமி, கேட்டை என்று எழுதியிருந்தால் எங்கோ நகல் எடுக்கும்போது கை தவறியிருக்கிறது.

வானத்தையும் பார்க்கச் சொல்வேன், ஆனால் அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். சுவாதி மீன் சித்திரையின் பங்குக்குள்தான் இருக்கிறது. திருவாதிரை மீன் நிற்பது மிருகசீரிடத்தின் கடைசிப் பாதத்தில். மீன்கள் சம தூரத்தில் இல்லை, நாம் வெட்டிய பங்குதான் சமம்.

வாக்கியமா திருக்கணிதமா என்று கேட்பார்கள். வாக்கியம் 248 நாளில் சந்திரனின் வேகம் ஏறி இறங்கும் ஒன்பது சுற்று முடிகிறது என்று கண்டு, நாளுக்கொரு வாக்கியமாகக் கட்டிய கணக்கு. வரருசி பெயரில் வழங்குகிறது. சுவடியும் நினைவும் மட்டும் இருந்த காலத்துக்கு அபாரமான வேலை. இன்றைய சந்திரனுக்குத் திருக்கணிதம்தான் கிட்டே வருகிறது, நான் அதில்தான் எழுதுகிறேன். வீட்டுக்காரர் வாக்கியம் கேட்டால் அதையும் எழுதித் தருவேன். எந்தப் பஞ்சாங்கம் என்று ஜாதகத்தில் குறித்துவிட வேண்டும், ஒன்றில் செல்லும் மற்றதில் இருப்புமாகக் கலக்கக்கூடாது.

ரொம்ப நிதானம் வேண்டிய இடம் ஆயில்யம்-மகம், கேட்டை-மூலம், ரேவதி-அஸ்வினி. மற்ற இடத்தில் நட்சத்திரம் மாறினாலும் ராசி ஒன்றாக இருக்கலாம். இங்கே இரண்டும் ஒரே நொடியில் மாறும், புதன் தசை முடிந்து கேது வந்துவிடும். ஆஸ்பத்திரியில் நேரத்தை ஐந்து ஐந்து நிமிடமாகத்தான் எழுதுகிறார்கள். சுக்கிர தசை இருப்பில் ஐந்து நிமிடம் என்றால் சுமார் 25 நாள், பொறுத்துக்கொள்ளலாம். சந்தியில் அந்த ஐந்து நிமிடம் ராசியையே மாற்றிவிடும். அப்போது பேனாவை மூடி வைத்துவிட்டு, பிரசவத்தின்போது கூட இருந்தவர்களைக் கேளுங்கள். எந்தக் கடிகாரம், முதல் அழுகைக்குப் பார்த்ததா, குளிப்பாட்டிக் கையில் கொடுத்தபோது பார்த்ததா என்று கேளுங்கள். விடியற்காலை மூன்று மணி என்றால் எந்தக் கிழமை இரவு என்றும் கேளுங்கள். பஞ்சாங்கத்துக்கு நாள் பிறப்பது சூரிய உதயத்தில்தான், பாட்டிமார்களும் அப்படித்தான் சொல்வார்கள், சான்றிதழ் மட்டும் மறுநாள் தேதி காட்டும்.