பழைய பொறியும் புதிய இயங்குதளமும்



தாமிரபரணியின் நீர் அம்பாசமுத்திரத்து வயல்களிலே தானே சென்று பாய்வதன்று. அணையும் காலும் மடையும் வேண்டும். முறைவைத்துப் பங்கிட்டு விடுவாரும் வேண்டும். கணிப்பொறியினுள் அப்பணியைச் செய்வதே இயங்குதளம். நினைவகத்தையும் வட்டினையும் அச்சுப்பொறியையும் எம்மென்பொருளுக்கு எப்பொழுது எவ்வளவு விடுவதென முறைசெய்வது அதுவே.

எம் இல்லத்துக் கணிப்பொறி 2016-ஆம் ஆண்டில் வாங்கியது. நினைவகம் 4 ஜிபி. இயங்குதளம் விண்டோஸ் 10. ஓய்வுபெற்ற தமிழாசிரியராகிய என் தந்தையார், இவ்வட்டாரத்துக் கோயில்களையும் வாய்க்கால்களையும் பற்றிப் பல்லாண்டு திரட்டிய குறிப்புகள் யாவும் அதன்கண் உள்ளன. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்குரிய வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. 2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11-ஓ, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும் பிற்காலத்துப் பிராசசரையும் வேண்டுவது. எம் பொறி அதற்குத் தகுதியுடையதன்று. கடைக்காரர் புதியது வாங்குமாறு கூறினார். தங்கையின் கல்லூரிக் கட்டணம் செலுத்தும் பருவம் அது. நன்றாய் இயங்கும் பொறியை விலக்க மனம் ஒருப்படவில்லை. தந்தையாரோ, "பொறி போயினும் போகட்டும், குறிப்புகள் போகலாகாது" என்றார்.

பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி நகரில், 21 வயது மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸின் வழிவந்த இயங்குதளங்கள் பல, இன்று விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றுள் லினக்ஸ் மின்ட் என்பதனைப் பென் டிரைவில் ஏற்றி, வட்டில் எதனையும் மாற்றாமலே சில நாள் இயக்கிப் பார்த்தேன். அச்சுப்பொறி பணிந்தது, இணையம் வந்தது, 4 ஜிபி நினைவகமும் போதியதாயிற்று.

ஆயின் தந்தையாரின் குறிப்புகளைத் திறந்தபொழுது, தமிழுக்கு மாறாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றிற்று. அவை பாமினி எழுத்துருவில் அடிக்கப்பெற்றவை. அம்முறையில் பொறி காப்பது ஆங்கிலக் குறியீடுகளையே; அவற்றின்மேல் தமிழ் உருவைப் போர்த்துவது எழுத்துரு. அவ்வெழுத்துரு இல்லாவிடத்துப் போர்வை நீங்கிவிடும். யூனிகோடு முறையிலோ தமிழுக்கெனத் தனிக் குறியீடுகள் உண்டு. தமிழ்நாட்டரசும் 2010-இல் அதனைத் தரமாக ஏற்றது. ஆதலின் முதற்கண் எல்லாவற்றிற்கும் வெளிவட்டில் ஒரு படி எடுத்தோம். பின்னர் மாற்றி மென்பொருளால் யூனிகோடாக்கினோம். தந்தையார் ஒவ்வொரு பக்கமாய் ஒப்புநோக்கிப் பிழை களைந்தார். அதன்பின்னரே வட்டில் லினக்ஸை நிறுவினேன்.

எல்லார்க்கும் இவ்வழியே ஏற்றதென்பது என் கருத்தன்று. டாலி போன்று விண்டோஸுக்கென்றே அமைந்த கணக்கு மென்பொருளால் பிழைப்பவர்க்கு விண்டோஸே தக்கது. இல்லத்தின் பணி யாது, அதற்கு வேண்டுவன யாவை என்று ஆராய்ந்தபின் இயங்குதளத்தைத் தெரிவதே முறை. பொறியும் இயங்குதளமும் சில ஆண்டிற்கு ஒருமுறை மாறுவன. நாம் எழுதியவை அவற்றினும் நெடிது வாழவேண்டுமாயின், எப்பொறியும் படிக்கும் முறையில் அவற்றை இன்றே எழுதிவைத்து, வேறோரிடத்தும் ஒரு படி காத்தல் நம் கடனாம்.