ஓர் அடி தாங்காத வீரன்

வீரன் என்றாலே தேக்கு மரம் போன்ற தோளும், வேலைத் தாங்கும் மார்பும்தான் நம் மனக்கண்ணில் வந்து நிற்கின்றன. ஓர் அடி விழுந்தால் சுருண்டு விழுந்துவிடுகிற வீரனும் உண்டு என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். என் பேத்தி சிரிக்க மாட்டாள். "அடி பட்டால்தானே தாத்தா விழுவான்? படவே விடாவிட்டால்?" என்று கேட்பாள். பன்னிரண்டு வயதுப் பெண்ணின் கேள்விதான். ஆனால் அதற்குள் ஒரு யுத்த சாஸ்திரமே அடங்கியிருக்கிறது.

அவள் பேசுவது போக்கிமான் என்னும் ஜப்பானிய விளையாட்டைப் பற்றி. அதை உண்டாக்கிய சதோஷி தாஜிரி சிறு வயதில் டோக்கியோவை அடுத்த மச்சிதாவில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். வயலும் குட்டையும் போய்க் கட்டடங்கள் முளைத்த பிறகு, அந்தப் பழைய ஆனந்தத்தைக் கேம் பாய் என்ற கைக்கடக்கமான கருவிக்குள் கொண்டுவந்து வைத்தார். 1996-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் வெளியான முதல் விளையாட்டில் 151 விசித்திரப் பிராணிகள் இருந்தன. இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. அவற்றைப் பிடிக்க வேண்டும், பழக்க வேண்டும், ஆறு பேர் கொண்ட குழு அமைத்து மற்றவர் குழுவோடு மோதவிட வேண்டும். தோற்ற பிராணி சாவதில்லை. மூர்ச்சை போடும், அவ்வளவுதான். வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் எழுந்துவிடும். அந்த மட்டில் நம் புராண யுத்தங்களைக் காட்டிலும் இது நாகரிகமானது.

இந்தப் பிராணிகளில் அலகசாம் என்று ஒருவன். நீண்ட மீசை, ஒட்டிய உடம்பு, இரண்டு கையிலும் கரண்டி. பந்தியில் பரிமாற வந்தவன் போல் இருப்பானே தவிர, போர்வீரனாகத் தோன்ற மாட்டான். ஆனால் புத்தி ஐயாயிரம் பங்கு என்று விளையாட்டின் அகராதி சொல்கிறது. கையால் அடிப்பதில்லை, மனோசக்தியால்தான் தாக்குகிறான். ஒவ்வொரு பிராணிக்கும் பிறவியில் சில எண்கள் விதிக்கப்பட்டிருக்கின்றன. இவனுக்கு வேகம் 120. உயிர்ச் சக்தி 55. உடலடியைத் தாங்கும் வலிமை 45. தலையெழுத்து எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

இப்படிப்பட்டவனை வைத்துக்கொண்டு எப்படி ஜெயிப்பது? விளையாட்டின் விதி ஒன்று அவனுக்குத் துணை நிற்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரு தரப்பாரும் தங்கள் உத்தியை ரகசியமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். வேகம் மிகுந்தவன் முதலில் அடிக்கிறான். எவ்வளவு மிகுதி என்பது கணக்கில்லை. ஓர் எண் கூடுதலாக இருந்தாலும் போதும். முதல் அடியிலேயே எதிரி மூர்ச்சையானால், திருப்பி அடிக்க ஆள் ஏது? ஆக, மற்றவர்களுக்குக் கேடயம் கையில் இருக்கிறது. அலகசாமுக்கு வேகமே கேடயம்.

அந்தக் கேடயத்தில் ஓட்டைகளும் உண்டு. வேகத்தை மதியாமல் முந்திக்கொண்டு பாய்கிற சில அடிகள் இருக்கின்றன. பக்கவாதம் போல் உடம்பை முடக்கும் தாக்குதல்களும் இருக்கின்றன. முடக்கம் வந்தால் வேகம் பாதியாகிவிடும். பழைய பதிப்புகளில் காலாகவே குறைந்துவிடும். பிறகு அலகசாம் கரண்டி பிடித்த சாமானியன்தான். 2006-இல் வந்த பதிப்பிலிருந்து இவனைப் போன்றவர்களுக்காக ஒரு கச்சைத் துணி கிடைக்கிறது. ஜப்பானியர் வேலை செய்யும்போது கிமோனோவின் கையைத் தூக்கிக் கட்டிக்கொள்ளும் துணியின் பெயரைத்தான் ஜப்பானிய மொழியில் அதற்கு வைத்திருக்கிறார்கள். முழுச் சக்தியோடு இருப்பவன் அதைக் கட்டியிருந்தால், கொல்லும் அடி விழுந்தாலும் ஒரே ஒரு புள்ளி உயிர் மிஞ்சும். ஒரு தடவைதான். சிறு கல் பட்டு முன்பே கொஞ்சம் சக்தி குறைந்திருந்தாலும் கச்சை பலிக்காது.

ஆனால் இவையெல்லாம் சில்லறை விஷயங்கள். அவனைக் களத்துக்குள் எப்போது, எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் பெரிய விஷயம். சண்டைக்கு நடுவே ஆளை மாற்றினால், அந்தச் சுற்றில் விழும் அடியைப் புதிதாக வருகிறவன் வாங்கிக்கொள்ள வேண்டும். அலகசாம் வாங்கினால் கதை முடிந்தது. பேத்தி என்ன செய்கிறாள் தெரியுமா? முதலில் ஸ்னார்லாக்ஸை நிறுத்துகிறாள். 460 கிலோ எடை; உயிர்ச் சக்தி 160; வேகமோ 30. தின்பதும் தூங்குவதும் தவிர வேறு தொழில் தெரியாத ஜீவன். அது நின்று அடி வாங்குகிறது, வாங்கிக்கொண்டே எதிரியைப் பாதியாக இளைக்க வைக்கிறது, கடைசியில் சாய்கிறது. ஒருவன் சாய்ந்த இடத்துக்கு வருகிறவன் மட்டும் அடி வாங்காமல் உள்ளே வரலாம். அப்போது அலகசாம் வருகிறான், கரண்டியை உயர்த்துகிறான், எதிரி விழுகிறான். "பிரமாதம்!" என்று கூவத் தோன்றுகிறது. யாரைப் பார்த்துக் கூவுகிறோம்? கரண்டிக்காரனைப் பார்த்துத்தான்.

அபிமன்யுவின் வேகத்தில் குறைவே இல்லை. பின்னால் வரவேண்டியவர்களை ஜயத்ரதன் வாசலில் நிறுத்திவிட்டான். அதனால்தான் பிள்ளை மாண்டான். வேகம் தனியாக நின்று ஜெயித்ததாகக் கதை இல்லை.

இதை யோசித்தபோது எனக்கு என் அக்காவின் ஞாபகம் வந்தது. அப்பா காலமானபோது அவளுக்குப் பதினாறு வயது, எனக்குப் பதின்மூன்று. ஒருவர்தான் மேலே படிக்க முடியும் என்ற நிலை. அவள் பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் மிஷின் முன் உட்கார்ந்தாள். கடன்காரர் வந்தால் வாசலில் நின்று பதில் சொன்னவள் அவள். உறவினர் ஏளனம் செய்தால் கேட்டுக்கொண்டவளும் அவள்தான். நான் உள்ளே இருந்து படித்தேன். பின்னாளில் கதை எழுதிப் பெயர் வந்தபோது, "சின்ன வயசிலிருந்தே படு சுறுசுறுப்பு" என்று என்னைத்தான் ஊரார் மெச்சினார்கள். வாசலில் விழுந்த அடிகளை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அவளும் எண்ணவில்லை.

இன்னொரு வேடிக்கை. பழைய பதிப்புகளில் அலகசாமை யாரும் தனியாகப் பெறவே முடியாது. அவன் குழந்தைப் பருவத்தில் ஆப்ரா. நாளில் 18 மணி நேரம் தூங்குவான். புல்லில் எதிர்ப்பட்டால் மாயமாய் மறைந்து ஓடுவதொன்றே அவனுக்குத் தெரிந்த வித்தை. பிடித்துப் பழக்கினால் 16-ஆம் படியில் கடாப்ரா ஆவான். அதற்கு மேல் வளர, அந்தப் பதிப்புகளில் அவனை இன்னொருவர் கையில் கொடுத்தாக வேண்டும். பரிமாறிக்கொள்ளும் அந்தக் கணத்தில்தான் அலகசாம் பிறக்கிறான். திரும்பி வருவானா என்பது வாங்கிக்கொண்டவரின் மனசைப் பொறுத்தது. நம்பிக்கையான ஒரு சிநேகிதர் இல்லாதவனுக்கு அங்கே இந்த வீரன் கிடையாது. பூச்சி பிடித்த பிள்ளைக்கு மனுஷ சுபாவம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

விளையாட்டில் நம் பிராணிகளுக்குச் செல்லப் பெயர் வைக்கலாம். அலகசாமுக்கு என்ன பெயர் வேண்டும் என்று பேத்தி கேட்டாள். அவனுக்கு இருக்கிற பெயரே போதும் என்று சொல்லிவிட்டு, ஸ்னார்லாக்ஸுக்கு ஒரு பெயர் வைக்கச் சொன்னேன். ஆங்கில எழுத்தில் "அக்கா" என்று அடித்தாள். 460 கிலோ விவரம் மட்டும் அக்காவுக்குத் தெரிய வேண்டாம். அவள் வீட்டிலும் கரண்டி இருக்கிறது.