மனையிற் பூத்தொடுத்தல்

திருப்புகலூர் முருக நாயனார் கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூவென 4 வகை மலருங் கொய்து, மாலை பலவாகத் தொடுத்து இறைவற்குச் சாத்திய வரலாற்றை அன்பர்கள் அறிவர். இவ்வகைப் பெயர்களை யாம் மடத்தில் நெட்டுருச் செய்தே அறிந்தோம். எம் பேர்த்தியோ 5 வயதிற் கையால் அறிகின்றாள்.

வெள்ளிதோறும் எம்மில்லத்தார் கூடியிருந்து ஊர்த் திருக்கோயிலுக்கு மாலை தொடுப்பது வழக்கம். ஒருநாள் மல்லிகையைக் கொடிப்பூ என்றேமாக, “நம் முற்றத்து மல்லிகை செடியாய்த்தானே நிற்கிறது, தாத்தா?” என வினவினாள். நிகண்டு வல்லாரும் சற்றே தயங்குதற்குரிய வினா! நீரில் ஊறிய வாழைநாரை மிக இறுக்கிற் காம்பு அறும். நெகிழவிடிற் பூ உதிரும். இவ்வளவினை உரையாற் கற்பித்தல் அரிது. தாயின் விரல்களை நோக்கி நோக்கியே குழந்தையின் விரல்கள் அதனைக் கொள்ளுகின்றன. இரண்டிரண்டாகப் பூவைத்தலின் எண்ணுப்பயிற்சியும் உடன் வாய்க்கும்.

குழந்தை தொடுத்ததை மறைவிற் பிரித்துத் தாமே திருத்துவாரும் உளர். இஃது எமக்கு உடன்பாடன்று. ஒருமுறை அவள் தாய் அங்ஙனஞ் செய்தாள். சந்நிதியிற் குழந்தை மாலையை உற்றுநோக்கி, “இது என்னுடையதன்று, என்னுடையதில் 12 அலரி இருந்தன” என்றாள். அன்று திருநீற்றுக்கும் கைநீட்டிலள்.

அதன்பின் நெகிழ்ந்த முடிச்சை அவளிடமே காட்டுகின்றோம். பிரிப்பவளும் அவளே, மீளத் தொடுப்பவளும் அவளே. சிலபோது கால்முழமே தேறும். குருக்கள் அதனை வாங்கித் திருநந்திதேவருக்குச் சாத்துகின்றார்.