ஜன்னலுக்கு வெளியே ஒரு மலை

பெரம்பலூர்ல இன்ஜினியரிங் படிச்சப்போ எங்க ஹாஸ்டல்ல கோத்தகிரிப் பையன் ஒருத்தன் இருந்தான். வீட்டுக்கு போன் பேசும்போதெல்லாம் "என்னடா, கன்னடமா?"ன்னு மூணு வருஷம் ஓட்டியிருக்கோம். அது கன்னடம் இல்ல, படுக மொழின்னு சொல்லிச் சொல்லி அவனும் அலுத்துட்டான்.

கடைசி வருஷ ஹாஸ்டல் டே. வெள்ளை வேட்டி, வெள்ளைத் தலைப்பாகையோட மேடை ஏறினான். பாட்டு செல்போன்ல. "அந்தக் காலத்துல எங்க விசேஷங்களுக்குக் கோத்தர்கள்தான் குழலும் பறையும் வாசிப்பாங்க. நீலகிரியில அவங்களுக்கு மொத்தமே ஏழு ஊர்தான்"னு சொல்லிட்டு ஆட ஆரம்பிச்சான். அவசரமே இல்லாத வட்ட ஆட்டம். முதல்ல போய்ச் சேர்ந்துக்கிட்டது அவனை ஓட்டின நாங்கதான் :-)

ஆடி முடிச்சு மெஸ்ஸுக்குப் போனா, வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டிருந்த சாம்பார் அண்ணன், "எங்க மலையிலயும் பாட்டு இருக்கு தம்பி"ன்னார். அவர் பச்சைமலைக்காரராம். எங்க ரூம் ஜன்னலைத் திறந்தா தெரியுமே, அதே மலை! அங்கே வாழும் 'மலையாளி' பழங்குடிகளுக்கும் கேரளாவுக்கும் சம்பந்தமில்லை, பேசுறது தமிழ், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததா சொல்லிக்கிறாங்க என்பதெல்லாம் அன்னிக்குத்தான் தெரிஞ்சது.

"ஏண்ணே இத்தனை நாளா சொல்லல?"

"நீங்க கேக்கலையே தம்பி."

நாலு வருஷம் அவர் கையால சாப்பிட்டிருக்கோம். அப்புறம் பரீட்சை, சென்னை, வேலை...

அந்தப் பாட்டை இன்னிக்கு வரைக்கும் நான் கேக்கல.