பழவேற்காட்டு வேட்டைப் பருவம்

வேட்டை என்றவுடன் நம்மவர் மனம் ஆப்பிரிக்காக் கண்டத்திற்கு ஓடுதல் இயல்பே. அரபுச் சொல்லடியாகப் பிறந்து, சுவாகிலி மொழியில் பிரயாணத்தைக் குறித்த 'சபாரி' என்னுஞ் சொல், உலகெங்கும் வேட்டைச் செலவிற்குப் பெயராயிற்று. அமெரிக்க நாட்டின் அதிபராயிருந்து ஓய்வுற்ற தியோடர் ரூஸ்வெல்ட் என்பார், 1909-ஆம் ஆண்டில் மொம்பாசாத் துறையில் இறங்கித் தம் மகனோடு கிழக்காப்பிரிக்காவில் வேட்டையாடினார். தந்தையும் மகனுமாக வீழ்த்திய உயிர்கள் 512 என்று கணக்கும் எழுதி வைத்தார். அக்கணக்கைக் காணுந்தோறும் எனக்கு ஒரு வினா எழுவதுண்டு. முன்பின் அறியாத நாட்டிற்கு வந்த ஒருவருக்குச் சிங்கம் படுத்திருக்கும் புதர் எவ்வாறு தெரிந்தது? காட்டிக் கொடுத்தோர் இருந்தனர். துப்பாக்கி சுமந்தோர் இருந்தனர். மூட்டை தூக்கியோர் இருநூற்றுவருக்கும் மேற்பட்டோர். ஆயினும் வேட்டை என்பது சுட்டவன் பெயரால் வழங்குகின்றதேயன்றிக் கண்டவன் பெயரால் வழங்குவதில்லை.

இவ்வினா என்னுள் எழுதற்குக் காரணம் என் பாட்டனாரே. பழவேற்காட்டு ஏரிக்கரையில், வலைத்தொழிலே வாழ்வாகக் கொண்ட குப்பமொன்றிற் பிறந்தவர் அவர். 1960-களில் இளைஞராயிருந்தபோது, சென்னையிலிருந்து வாத்துச் சுட வந்த கனவான்களுக்குப் படகு தள்ளி வழிகாட்டினார். அவர் தந்தையார் காலத்தில் வெள்ளைக்காரர் பக்கிங்காம் கால்வாய் வழியே படகேறி வந்தனராம். இவர் காலத்தில் நம்மவரே மோட்டாரில் வந்தனர். துப்பாக்கி பிடித்தவர் எந்நிறத்தவராயினும் எங்கள் குப்பத்தார்க்கு அவர் 'துரை'தான்!

ஐப்பசி, கார்த்திகை மழையால் ஏரி நிறைந்தபின், வடபுலத்துக் குளிருக்கு அஞ்சிய பறவைகள் வந்திறங்கும். ஊசிவால் வாத்தும், கிளுவையும், தட்டைவாயனும், உல்லானும் மார்கழி, தைத் திங்கள்களில் நீர்ப்பரப்பைக் கருமையாக்கிவிடும். அதுவே வேட்டைப் பருவம்.

துரைக்குத் தெரிந்தது சுடுதல் ஒன்றே. மற்றனைத்தும் படகோட்டியின் பொறுப்பு. பழவேற்காட்டு ஏரி இந்நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகைக்கு அடுத்த பெரிய ஏரியாயினும், பெரும்பகுதியும் இடுப்பளவு ஆழத்திற்கு மேற்படாதது. எவ்விடத்தில் கோல் ஊன்றும், எவ்விடத்தில் சேறு படகைப் பற்றும் என்பதை அறியாதவன் வேட்டைக்கு மாறாகப் பகல் முழுதும் சேற்றில் வீற்றிருக்க வேண்டியதே. நிற்க, வாத்து காற்றை எதிர்த்தே எழும்பும். ஆகவே வாடை வீசும் நாளில் வடபுறமாகச் சுற்றி வந்து அணுகினால், கூட்டம் படகை நோக்கியே கிளம்பும். "காத்து எங்கேயிருந்து வருதுன்னு பாருடா, பறவை அங்கேதான் முகத்தைத் திருப்பும்" என்பது பாட்டனார் எனக்குச் சொல்லிய முதற்பாடம். துப்பாக்கி வெடித்தபின் விழுந்தவற்றை நீரில் இறங்கித் தேடியெடுப்பதும் அவர் வேலையே. குண்டு பட்டும் விழாமற் பறந்துபோய் எங்கோ நாணற் புதரில் மடிந்தவை எத்தனையோ! அவை எவருடைய கணக்கிலும் ஏறவில்லை.

இன்னொரு தொல்லையும் உண்டு. எங்கள் பக்கத்தில் ஏரியின் மீன்பிடி இடங்களைச் சீட்டுப்போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். அதற்குப் 'பாடு' என்று பெயர். இன்று ஒருவர்க்குரிய பாட்டில் மற்றொருவர் வலை கட்டலாகாது. அங்குச் சுத்துவலைக்காக நட்ட கழிகளிடையே துரையின் படகு புகுந்து வலை கிழிந்தால், நட்டம் யாரைச் சேரும்? துரை மாலையில் ஊர் திரும்பிவிடுவார். பாட்டனார்க்கோ மறுநாளும் அதே ஏரிதான். ஆதலின் பறவையைத் தேடுவதைக் காட்டிலும் பிறர் வலையை விலகிச் செல்வதிலேயே அவர் கருத்து ஊன்றியிருந்ததாம். புறநானூற்றில் வன்பரணர் பாடிய வல்வில் ஓரி, ஓரம்பினால் யானை முதல் உடும்பு ஈறாக ஐந்தினை வீழ்த்தினான். அவனுக்கு வழிகாட்டி வேண்டாவாயிற்று; கொல்லிமலை அவனுடையதன்றோ!

ஒருமுறை ஒரு கனவான் பூநாரை ஒன்றைச் சுட்டுப் பாடஞ்செய்து தம் மாளிகைக் கூடத்தில் நிறுத்த விரும்பினார். தலையைக் கவிழ்த்துச் சேற்றைக் கலக்கி உண்ணும் அப்பறவையின் செவ்வண்ணம், அது தின்னும் பாசியாலும் சிற்றிறாலாலும் வருவதென்பர். பாட்டனார் மறுமொழி கூறாமற் படகைத் தள்ளினார். பூநாரைக் கூட்டம் கண்ணுக்குத் தெரிந்தவிடத்தில், துப்பாக்கிக்கு எட்டாத் தொலைவில், படகு தரை தட்டிற்று. ஓதம் வற்றிக்கொண்டிருந்த வேளை அது. மீண்டும் நீர் ஏறும்வரை இருவரும் வெயிலில் வாளா இருந்தனர். "வேண்டுமென்றா செய்தீர்கள், தாத்தா?" என்று நான் பன்முறை வினவியுள்ளேன். "ஓதத்தை நானாடா வத்த வெச்சேன்?" என்று சொல்லிப் பொடி போட்டுக்கொள்வார். அன்றைய கூலி பாதியாகக் குறைந்ததை மட்டும் இன்றும் மறந்தாரில்லை.

1972-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதிலும் உரிமச்சீட்டுப் பெற்றுச் சிறுவேட்டை ஆட முதலில் வழியிருந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தமே அதனையும் அடைத்தது. அதற்கு முன்னரே ஏரியின் ஆந்திரப் பகுதி 1976-இலும், நம் பகுதி 1980-இலும் பறவைகள் புகலிடமாயின. ஆப்பிரிக்காவிலோ நாட்டுக்கொரு நெறி. கென்யா 1977-இல் வேட்டையை விலக்கியது. நமீபியா 1996-இல் இயற்றிய சட்டத்தால், வேட்டையாட வருவோர் செலுத்தும் பணத்தில் ஊரார்க்கும் பங்குண்டு. விலங்கால் வரவுண்டாயின் ஊரார் அதனைக் காப்பர் என்பது அவர் வாதம். அவ்வாதத்தை எளிதிற் புறந்தள்ள என்னால் இயலவில்லை. ஆயினும் குண்டுபட்டு நாணலுள் மடியும் வாத்தை நினைக்குங்கால், எங்கள் ஏரியில் அவ்வோசை மீண்டும் எழ வேண்டாம் என்றே என் நெஞ்சம் கூறுகின்றது. பணம் வருவதற்குப் பறவை சாகவேண்டுமென்பது எந்த ஊர் நியாயம்?

எனினும், துப்பாக்கி ஓய்ந்தபோது அதனுடன் படகோட்டியின் கலையும் ஓய்ந்துவிட்டதே என்னும் வருத்தம் எனக்குண்டு. பறவை காண வருவோர்க்கு வழிகாட்டிப் பிழைக்கலாமென்று எங்கள் இளைஞர் சிலர் முயன்றனர். 2011-ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு நாளில் உல்லாசப் படகொன்று கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அதன்பின் படகுச் சவாரி தடை செய்யப்பட்டது. அத்துயரை எண்ணினால் தடையைக் குறைகூற நா எழாது. சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவிற்கு ஏரியூடே செல்லும் சாலையில் மோட்டாரை நிறுத்தியே பலரும் பூநாரையைக் கண்டு திரும்புகின்றனர். அதற்குக் காற்றறிந்தவன் எதற்கு?

ஆண்டுதோறும் சனவரியில் நடைபெறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிற்காக, சென்ற முறை இளைஞர் சிலர் தொலைநோக்கியுடன் எங்கள் கரைக்கு வந்தனர். பாட்டனார்க்குக் கண்ணொளி மங்கிவருகின்றது. ஆயினும் என் தோளைப் பற்றிக்கொண்டு உடன் வந்தார். அவர்கள் பத்துப்பத்தாக எண்ணினர். இவரோ ஒரு வலைவீச்சுக்குள் இத்தனை நிற்கும், கூட்டம் இத்தனை வலைவீச்சு அகலம் என்று கணக்கிட்டார். இரு தொகைக்கும் வேறுபாடு மிகுதியாயிருந்தது. இளைஞருள் ஒருவர் மரியாதையாகவே, "ஐயா, எங்கே தவறினோம்?" என்று கேட்டார்.

"மேட்டுக்கு அந்தாண்டை ஒரு பள்ளம் இருக்குது தம்பி. வாடையிலே பாதிக் கூட்டம் அங்கேதான் ஒண்டிக்கிட்டு நிக்கும். இங்கேயிருந்து தெரியாது" என்றார் பாட்டனார்.

அவர்கள் முக்காலியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, மேட்டிற்கு அப்பால் நடந்து, முதலிலிருந்து எண்ணத் தொடங்கினர்.