கடலடியில் வழி கண்டவர்கள்

அந்தமான் என்றால் நம் பாட்டன்மார் காலத்தில் கறுப்புத் தண்ணீர், போனவன் திரும்புவதில்லை. 1906-ல் கட்டி முடித்த அந்தச் சிறைச்சாலையின் அறைகளைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் எவரும் மற்ற இடங்களுக்குப் போகவேண்டும் என்பது என் அபிப்பிராயம். நாங்களும் அப்படியே செய்துவிட்டு, மறுநாள் காலை கப்பலேறி, ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ஸ்வராஜ் தீவில் இறங்கினோம். 1857-ல் நம்மவர்களை எதிர்த்துப் போரிட்ட ஹாவ்லக் என்னும் தளபதியின் பெயரை இத்தீவு நெடுங்காலம் சுமந்து கொண்டிருந்தது. நேதாஜி போர்ட் பிளேரில் கொடியேற்றியது 1943 டிசம்பர் 30-ந் தேதி. அதன் எழுபத்தைந்தாம் ஆண்டு நிறைவன்று, 2018-ல், தீவுக்குப் பெயர் மாறிற்று.

இங்கே கடற்கரைகளுக்கு எண்தான் பெயர். ஐந்தாம் எண் கரையில், தென்னையும் பெருமரங்களும் தண்ணீரைத் தொட்டு நிற்கும் இடத்தில், என்னிடம் பத்தாவது படித்த பையன் ஒருவன் முக்குளிக்கக் கற்றுக் கொடுக்கிறான். என் மகள், கல்லூரியில் படிப்பவள், அவனிடம் சேர்ந்து நாலாவது நாள்.

காலையில் கண்ட காட்சி வேடிக்கையானது. தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக் கொண்டு நாலைந்து பேர் மணலில் நடக்கிறார்கள். முப்பது அடி எடுத்து வைத்து, திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வரவேண்டும். ஒரு வங்கி உத்தியோகஸ்தர் திசைகாட்டி எதற்கு என்று வெறுங்கையோடு கிளம்பினார். நேராகத் தென்னைமரத்தில் போய் நின்றார்! இது அவர் குற்றமன்று. கண்ணைக் கட்டிவிட்டால் மனிதன் வட்டமாகவே நடக்கிறான் என்று 2009-ல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நேராகத்தான் போகிறோம் என்ற திட நம்பிக்கையுடனேயே நடக்கிறான் என்பதுதான் விசேஷம்.

"தண்ணிக்குள்ளே அந்த நம்பிக்கைதான் ஸார் ஆபத்து," என்றான் பையன். "காற்று அளவாத்தானே இருக்கு. படகு இருக்கிற பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கம் போயிட்டா, மேலே வந்து பார்க்கும்போது நீரோட்டம் இன்னும் தூரமா இழுத்துட்டுப் போயிருக்கும்."

அவன் கையில் கட்டியிருந்த திசைகாட்டி கடிகாரத்தைவிடச் சற்றுப் பெரியது. உள்ளே திரவம் நிரப்பி, அதில் ஊசி இயங்குகிறது. நடுவிலுள்ள நீளக் கோட்டைப் போகும் திசைக்கு நேராகப் பிடித்து, மேல் வளையத்தைத் திருப்பி, அதன் இரு குறிகளுக்கிடையே ஊசிமுனையைக் கொண்டுவர வேண்டும். பிறகு ஊசி அங்கேயே இருக்கும்படி நீந்தினால் வழி தவறாது. திரும்பி வருவதற்கு 180 பாகை மாற்றினால் போதும். ஆனால் சாய்த்துப் பிடித்தால் ஊசி சிக்கிக்கொள்ளும். முழுகிய கப்பலின் இரும்புக்கருகில் போனாலோ ஊசியே பொய் சொல்லும். தவிர, ஊசி திசையைத்தான் காட்டும். நீரோட்டம் நம்மைப் பக்கவாட்டில் தள்ளிக் கொண்டு போவதைக் காட்டாது. அதற்காகக் கண்ணையும் உபயோகிக்கச் சொல்லித் தருகிறார்கள். கரையோரத்து மணலிலுள்ள அலைவரிகள் பெரும்பாலும் கரைக்கு இணையாக ஓடும். அவற்றைக் குறுக்கே கடந்து போகையில் ஆழம் குறைந்து வந்தால் கரை முன்னால் இருக்கிறது.

நம் சட்டைப்பையிலுள்ள கைபேசி சந்துபொந்தெல்லாம் வழி சொல்லுகிறதே, அது இங்கே உதவாதா என்று கேட்டேன். உதவாது. விண்கோள்களிலிருந்து வரும் ரேடியோ அலைகள் உப்பு நீரில் புகுந்த மாத்திரத்தில் மாய்ந்து விடுகின்றன. ஒலி மட்டும் ஓடுகிறது, விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில். காற்றில் ஓடுவதைப் போல் நான்கு மடங்குக்கு மேல்! அவ்வளவு விரைவாக இரு செவிகளிலும் விழுவதால், சப்தம் எப்பக்கத்திலிருந்து வருகிறதென்று மனிதக் காதுக்குப் புலப்படுவதில்லை. யந்திரத்துக்குப் புலப்படும். படகிலிருந்து ஒரு கருவியைத் தண்ணீரில் தொங்கவிட்டால், முக்குளிப்பவன் கையிலுள்ள மற்றொரு கருவி அதன் ஒலியைக் கேட்டுப் படகின் திக்கை அம்புக்குறியால் காட்டுகிறது. விலைதான் உபாத்தியாயர் வீட்டுக்கு ஏற்றதன்று. மன்னார்க் குடாவில் முத்துக் குளித்தவர்கள் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். மேலே அக்கயிற்றைப் பிடிக்கும் உரிமை மைத்துனனுக்கே என்று சொல்வதுண்டு. தங்கையின் தாலி நினைவிருக்குமல்லவா!

பிற்பகலில் என் மகளுக்குப் பரீட்சை. மிதவைக் கயிற்றடியிலிருந்து கிளம்பி, நாற்புறமும் சமமான ஒரு சதுரமாக நீந்தி, அதே கயிற்றுக்கு வரவேண்டும். பையன் பின்னாலேயே போவான். வாய் திறக்க மாட்டான். என் மனைவி கரையிலேயே நின்றுவிட்டாள். நான் படகில் உட்கார்ந்து நீர்க்குமிழிகளை எண்ணிக் கொண்டிருந்தேன். முதற் பக்கமும் இரண்டாம் பக்கமும் ஒழுங்காகச் சென்றன. மூன்றாவதில் குமிழ்கள் மெள்ள மெள்ள வெளியே ஒதுங்கின. நீரோட்டம்! கூப்பிட்டால் கேளாது, கேட்டாலும் திசை தெரியாது என்று காலையில்தான் கற்றிருந்தேன். கையைப் பிசைந்தேன். படகுக்காரர், வயதான வங்காளி, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சுருட்டைப் பற்ற வைத்தார்.

நாலாம் பக்கத்தில் குமிழ்கள் சற்று நின்றன. பிறகு சாய்வாகத் திரும்பின. கயிற்றுக்குப் பத்தடி தூரத்தில் அவள் தலை தெரிந்தது.

"அப்பா, கடற்புல்லெல்லாம் ஒரே பக்கமாச் சாய்ஞ்சு கிடந்தது. ஓட்டத்துக்கு எதிரே கொஞ்சம் திரும்பி வந்தேன்," என்றாள், வாய்க்குழலை எடுத்துவிட்டு. பையன் அவளுடைய காற்றுமானியைத் தூக்கிக் காட்டினான். இருநூறில் இன்னும் தொண்ணூறு இருந்தது.